சுண்டைக்காயும் சுமைகூலியும்

கேள்வி: இருபது லட்சம் வீரர்கள், மூன்று விமானம் தாங்கிக் கப்பல்கள் என்று நிற்கிறது சீனா. தைவான் என்கிற சுண்டைக்காய் நாடு ஒரு வாரமாவது தாக்குப்பிடிக்குமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சுண்டைக்காயை வற்றக்குழம்பில்தான் பார்த்திருக்கிறீர்கள். செடியில் பறித்துப் பாருங்கள், முள் இருக்கும். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது ராணுவக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டிய பழமொழி. இருபது லட்சம் பேர் இருந்தென்ன? நடுவில் கடல். குறுகலான இடத்திலேயே சுமார் 130 கி.மீ. கப்பல் எத்தனை பேரை ஏற்றுமோ, அத்தனை பேர்தான் அன்றைக்குப் படை. நம் தொலைக்காட்சி ராணுவ நிபுணர்கள் வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டு அரை நிமிடத்தில் தைபேயைப் பிடித்துவிடுகிறார்கள். அம்புக்குறிக்குக் கடல் மயக்கம் வராது.

1949 அக்டோபரில் இந்தச் சுமைகூலியை சீனா கொடுத்துப் பார்த்தது. தைவான் கூட இல்லை, சீனக் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற கின்மென் தீவு. சுமார் 9,000 பேர் மீன்பிடிப் படகுகளில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கினார்கள். கடல் உள்வாங்கியது. படகெல்லாம் மணலில் சிக்கிக்கொள்ள, தீவுக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். அடுத்த அணியை ஏற்றி வரப் படகில்லை. மூன்று நாளில் கதை முடிந்தது. கின்மென் இன்றும் தைவானிடம்தான்.

விமானம் தாங்கி என்றீர்களே, அதில் முதலாவதன் பூர்வீகம் தெரியுமா? உக்ரைனில் பாதி கட்டிக் கிடந்த கப்பல். மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்தப்போவதாகச் சொல்லி மக்காவ் நிறுவனம் ஒன்று 1998இல் இரண்டு கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் அதுவே சீனக் கடற்படையில் 'லியாவ்னிங்' என்று சேர்ந்தது. காதுகுத்து என்று மண்டபம் பிடித்துக் கல்யாணத்தையே முடித்துவிட்டார்கள்.

அதனால் சிரித்துக்கொண்டே இருந்துவிடவும் முடியாது. கப்பல் எண்ணிக்கையில் இன்று உலகின் மிகப் பெரிய கடற்படை அவர்களுடையது. தைவானின் முழுநேரப் படையோ இரண்டு லட்சத்தைத் தொடாது; கட்டாய ராணுவப் பயிற்சியை நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடமாக 2024இல்தான் நீட்டினார்கள். தவிர, சுமைகூலி தீவுக்கும் உண்டு. எரிபொருள் ஏறக்குறைய முழுக்கக் கப்பலில்தான் வர வேண்டும். எரிவாயுக் கையிருப்பு இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது. ஆகவே இறங்கிப் பிடிப்பதைவிடச் சுற்றி வளைத்து அடுப்பை அணைப்பது சீனாவுக்குச் சுலபம். 2022 ஆகஸ்டில் தீவைச் சுற்றி ஒத்திகை பார்த்தது இதற்குத்தான் என்பது என் கட்சி. அப்படி நடந்தால் உங்கள் ஒரு வாரக் கணக்கு, சண்டையைப் பற்றியதாக இருக்காது. சிலிண்டரைப் பற்றியதாக இருக்கும்.

கின்மென்னை விட மனசில்லை. 1958இல் நாற்பத்துச் சொச்சம் நாளில் அங்கே நாலரை லட்சத்துக்கும் மேல் குண்டுகள் விழுந்தன. பிறகு 1979 வரை ஒருநாள் விட்டு ஒருநாள், முறைக்காய்ச்சல் மாதிரி. அந்த இரும்பை உருக்கி அடித்துச் சமையல் கத்தி செய்து, சீனாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளுக்கே விற்கிறார்கள் கின்மென் கொல்லர்கள். எனக்கும் ஒன்று வேண்டும். ஆனால் சுண்டைக்காய்க்கு ஆகாது. நம் சமையல் பக்கத்து அம்மையார் அதை 'இரண்டாக நறுக்கி' என்று எழுதி மூன்று வருடமாகிறது. நானும் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுண்டைக்காயை நறுக்கக் கூடாது அம்மா, தட்ட வேண்டும்.