மூன்று சொட்டு ஆற்று நீர்: உப்புநீரும் நன்னீரும் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரி, பழனி மலைகளிலிருந்தும் அவற்றின் அடிவார ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், புவியின் உப்புநீர், நன்னீர் அளவுகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளை இருவர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை இணைத்துள்ளேன்.

கேள்வி: ஐயா, உலக நீரில் உப்புநீர் 97 விழுக்காடு என்று ஒரு நூலிலும், 96.5 என்று இன்னொன்றிலும், 97.5 என்று வேறொன்றிலும் படித்தேன். தேர்வில் எதை எழுதுவது? (பள்ளி மாணவி, கோத்தகிரி)

பதில்: மூன்று எண்களும் தவறல்ல, அவை குறிப்பிடும் பொருள்தான் வெவ்வேறு. ரஷ்ய நீரியலாளர் இகோர் ஷிக்லொமானவ் 1993இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, புவியில் உள்ள மொத்த நீர் 138.6 கோடி கன கிலோமீட்டர். அதில் கடல்களில் மட்டும் இருப்பது 133.8 கோடி, அதாவது 96.5 விழுக்காடு. ஆனால் உப்புநீர் கடலில் மட்டும் இல்லை. நிலத்தடி நீரில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 1.29 கோடி கன கிலோமீட்டர், உவர்நீராகவே இருக்கிறது. காஸ்பியன் போன்ற உவர் ஏரிகளில் இன்னும் 85,400 கன கிலோமீட்டர் இருக்கிறது. இவற்றைச் சேர்த்தால் 97.5 வரும். மீதமுள்ள 2.5 விழுக்காடு, அதாவது 3.5 கோடி கன கிலோமீட்டர், நன்னீர். 97 என்பது சுருக்கிச் சொல்லும் முழு எண். எனவே கேள்வி ‘கடல்நீர்’ என்று கேட்கிறதா, ‘உப்புநீர்’ என்று கேட்கிறதா என்பதை முதலில் கவனித்து எழுதுங்கள்.

கன கிலோமீட்டர் என்பது நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத அளவு என்பதால், நம் மலையின் தண்ணீர் போய்ச் சேரும் பவானிசாகரையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அணையின் முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); அது ஒரு கன கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 0.93. அந்தக் கணக்கில் உலகக் கடல்நீர் 144 கோடி பவானிசாகர் அணைகளை நிரப்பும். இந்தியாவில் பிறந்த குழந்தை முதல் பாட்டி வரை ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் நிரம்பிய அணை ஒன்றைக் கொடுத்துவிடலாம். உலகின் எல்லா ஆறுகளிலும் ஏதேனும் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நீரோ வெறும் 2,120 கன கிலோமீட்டர். அது சுமார் 2,280 அணைகளுக்கு மட்டுமே போதும்.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட விரும்பினால், ஏழு குடம் தண்ணீர் வையுங்கள். ஏறக்குறைய நூறு லிட்டர் என்று கொள்ளலாம். அதிலிருந்து இரண்டரை லிட்டரைத் தனியே எடுத்தால் அதுதான் நன்னீர் முழுவதும். அந்த இரண்டரை லிட்டரில் ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவானது துருவப் பனியும் பனியாறுகளும். ஏறத்தாழ முக்கால் லிட்டர் நிலத்தடி நன்னீர், அதிலும் பெரும்பகுதி எளிதில் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. நன்னீர் ஏரிகள் அனைத்துக்கும் ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும் போதும். ஆறுகளுக்கு, மருந்து விடும் சொட்டுக்குழாயால் மூன்று சொட்டு. அந்த மூன்று சொட்டை ஒரு கறுப்புத் தட்டில் விட்டு, ஏழு குடங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் அதன் பிறகு எண்களைக் கேட்க மாட்டார்கள். மூன்று சொட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறோம் என்றுதான் கேட்பார்கள். அதற்கான பதில் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கேள்வி: மழை கடலிலிருந்துதான் வருகிறது என்றால், அவலாஞ்சியில் பெய்யும் மழை ஏன் உப்புக் கரிப்பதில்லை? (தேயிலை விவசாயி, குந்தா)

பதில்: ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே செல்கிறது, உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. ஆனாலும் மழையில் உப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அலைகள் உடையும்போது தெறிக்கும் திவலைகள் காற்றிலேயே காய்ந்து நுண்ணிய உப்புத் துகள்களாக மிதக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் பல மேகத்துளிகள் உருவாகின்றன. அரபிக் கடல் நீலகிரியின் முக்குருத்தி சிகரத்திலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதால், உங்கள் தோட்டத்தில் விழும் தென்மேற்குப் பருவமழையிலும் அந்த உப்பின் சிறு சாயல் உண்டு. நாக்குக்குத் தெரியாத அளவு அது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரை எல்லாரும் உப்புத் தண்ணீர் என்கிறோம். இது கடல்நீர் கசிந்து வந்ததா? மலையில் உள்ள என் தங்கை வீட்டில் சோப்பு நுரை போகவே மாட்டேன் என்கிறது, இங்கே நுரையே வருவதில்லை. (குடும்பத் தலைவி, மேட்டுப்பாளையம்)

பதில்: கடலுக்கும் உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தொடர்பில்லை. நம் பேச்சு வழக்கில் ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்று பிரிப்பது மிகப் பயனுள்ள பிரிவு. ஆனால் அது அறிவியல் நூல்களின் நன்னீர், உவர்நீர்ப் பிரிவோடு பொருந்துவதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதாவது 35,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவுகோல் கரைந்த திடப்பொருள்களுக்கு விரும்பத்தக்க எல்லையாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரையும் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் இந்த இரண்டு எண்களையும் தாண்டினாலும் கடலோடு ஒப்பிட அது மிக மெல்லிய கரைசல்தான்.

வேறுபாடு அளவில் மட்டும் இல்லை, உப்பின் வகையிலும் இருக்கிறது. கடலில் மிகுதியாக இருப்பது சமையல் உப்பு. சமவெளிப் போர் தண்ணீரில் நுரையைக் கெடுப்பவை, பாறைகளிடையே நீண்ட காலம் தங்கிய நீர் கரைத்துக்கொண்ட கால்சியமும் மக்னீசியமும். நீலகிரியின் சார்னோகைட் பாறை எளிதில் கரையாதது. ஊற்று நீர் மண்ணில் தங்கும் காலமும் குறைவு. அதனால்தான் தங்கை வீட்டுச் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள். இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் ஒரே அளவு ஊற்றி வெயிலில் வையுங்கள். மாலையில் ஒரு தட்டில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருக்கும். மற்றதில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால்தான் மங்கலான ஒரு கோடு தெரியும்.

கேள்வி: பனிப்பாறைகள் உருகினால் நன்னீர் கூடுமா? (கல்லூரி மாணவர், கொடைக்கானல்)

பதில்: கூடாது, குறையும். பனியாக இருக்கும்வரை அது நன்னீர். உருகிக் கடலில் கலந்துவிட்டால் உப்புநீர். முழுவதும் உருகினால் கடல்மட்டம் 60 மீட்டருக்கும் மேல் உயரும், ஆனால் கடலின் உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 34.4 அளவுக்கே இறங்கும். இவ்வளவு பனியைக் கரைத்தும் கடலின் சுவை மாறாது என்பதிலிருந்தே அதன் அளவை உணரலாம்.

கேள்வி: சென்னைக்கு அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவது போல் செய்து மலை நகரங்களுக்கும் ஏன் அனுப்பக் கூடாது? (ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், குன்னூர்)

பதில்: மின்வாரியத்தில் பணியாற்றியவர் கேட்டதால் யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன். 2013இல் நெம்மேலியில் தொடங்கிய நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரை நுண்துளைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் இத்தகைய நிலையங்களில் ஆயிரம் லிட்டரை உப்பு நீக்கி எடுக்கப் பொதுவாக மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். அதே ஆயிரம் லிட்டரைக் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கு ஏற்ற, எந்த இழப்பும் இல்லாத பம்பாக இருந்தாலும் ஆறு யூனிட் வேண்டும். உப்பைப் பிரிப்பதைவிட மேலே தூக்குவதற்கே செலவு அதிகம்.

இந்த இரண்டு வேலைகளையும் வெயிலும் பருவக்காற்றும் சேர்ந்து நமக்காகச் செய்துகொண்டிருக்கின்றன. ஆயிரம் லிட்டர் நீரை ஆவியாக்கக் கதிரவன் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 680 யூனிட். அப்படி மேலேறி வந்த நீர் கீழிறங்கும்போது அந்த ஆற்றலில் ஒரு சிறு பகுதியைத்தான் 1932 முதல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் மின்சாரமாகத் திரும்பப் பெறுகிறோம்.

கேள்வி: உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் நன்னீர்க் கணக்கில் வருமா? (வாசகர், வத்தலகுண்டு)

பதில்: வரும். இரண்டும் இயற்கையாக உருவானவை அல்ல. முன்னது 1824இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவனும், பின்னது 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சும் முயன்று அமைத்தவை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: நன்னீர் என்ற சொல் உப்பின் அளவை மட்டுமே குறிக்கிறது. கழிவு கலந்த ஏரியும் அந்த 2.5 விழுக்காட்டில் அடக்கம். குடிக்கத் தக்க நீர் அந்த எண்ணைவிடவும் சிறியது.

கேள்வி: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். உலகிலேயே நன்னீர் குறைவு என்பதுதான் காரணமா? (இருவர், கோத்தகிரி, உதகை)

பதில்: இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே மற்ற எண்களையெல்லாம் சொன்னேன் என்றும் கொள்ளலாம். 2.5 விழுக்காடு என்பது இருப்பு. நாம் வாழ்வது ஓட்டத்தில். ஆண்டுதோறும் கடல்களிலிருந்து சுமார் 5 லட்சம் கன கிலோமீட்டர் நீர் ஆவியாகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலிலேயே மழையாகத் திரும்ப விழுந்துவிட, எஞ்சிய சிறு பங்குதான் காற்றோடு கரையேறி வருகிறது. ஆறுகள் அந்த நீரை மறுபடியும் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அவற்றில் உள்ள மூன்று சொட்டு நமக்குப் போதுமானதாக இருப்பது, அது ஏறத்தாழ பதினாறு, பதினேழு நாள்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுவதால்தான்.

ஆகவே நமக்குள்ள கேள்வி, மேலே வந்த நீர் எத்தனை நாள் மலையில் தங்குகிறது என்பது. வெறும் சரிவில் விழுந்த மழை சில மணி நேரத்தில் ஓடையில் இறங்கி, மோயாறு, பவானி வழியாகச் சமவெளிக்குப் போய்விடும். சோலைக்காட்டின் இலைமக்கும், புல்வெளியும், பள்ளத்தாக்கின் சதுப்பும் அதே மழையைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் கசியவிடும். நீலகிரியில் பல சதுப்புகள் வடிகால் வெட்டப்பட்டு உருளைக்கிழங்கு, கேரட் வயல்களாயின. புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நடப்பட்டன. ஆகஸ்டில் வெள்ளமும் ஏப்ரலில் லாரியும் ஒரே ஊரில் வருவதற்கு இந்த இழப்பு ஒரு முதன்மையான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கோத்தகிரிக்காரர் நடந்துபோகும் தொலைவிலேயே, அப்படி இழக்காமல் காத்த இடத்துக்கு ஒரு சான்று இருக்கிறது. லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தரும் இந்தக் காடு 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் உள்ளே போய், பாதை ஓரத்து இலைமக்கை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். மேலே காய்ந்திருக்கும் இலைகளுக்குக் கீழே கறுத்து, குளிர்ந்து, பஞ்சு போல் அமுங்கும் அந்த மக்கிலிருந்து விரலிடுக்கில் நீர் இறங்கும். அது பெரும்பாலும் முந்தைய வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலிலிருந்து ஏறி வந்த நீர்.