உறைபனிப் பள்ளத்தில் எப்போது நடுவது?

கேள்வி: ஊட்டி அருகே ஓடையை ஒட்டிய பள்ளத்திலும் அதற்கு மேலுள்ள சரிவிலும் நிலம் வைத்துள்ளேன். மார்கழித் தொடக்கத்தில் நட்ட உருளைக்கிழங்கு, தை இரண்டாம் வாரத்தில் பள்ளத்தில் மட்டும் கருகிவிட்டது; சரிவில் தப்பியது. இனி எப்போது நடுவது?

பதில்: மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதாலும், குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதாலும், ஒரே தோட்டத்தின் இரு பகுதிகளுக்குள் இவ்வளவு வேறுபாடு ஏற்படுகிறது. ஆகவே பள்ளத்திற்கும் சரிவிற்கும் தனித்தனி நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிப் பகுதியில் உறைபனி பொதுவாக நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை இருக்கும். சில ஆண்டுகளில் மாத இறுதிவரை நீள்வதும் உண்டு. இங்கு நடும் நாளைவிட முளை வெளிவரும் நாளே முக்கியம். விதைக்கிழங்கு முளைத்து மேலே வர 3 முதல் 4 வாரம் ஆகும் என்பதால், நீங்கள் மார்கழியில் நட்டதன் இளந்தளிர் கடும்பனியில் நேராகச் சிக்கியது. நீர்போக உருளையை, அதாவது பாசன நீரில் வளர்க்கும் பருவப் பயிரை, பள்ளத்தில் ஜனவரி இறுதிக்குப் பின் நட்டால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பனி தொடாது. தளிர் வரும்போது பனியின் கடுமையும் தணிந்திருக்கும். சரிவில் இரண்டு வாரம் முன்னதாகவே நடலாம். ஆண்டின் பிற்பகுதிப் பயிரை ஆகஸ்ட் முதல் வாரத்திற்குள் நட்டுவிட்டால், நவம்பர் பனியில் இலை கருகினாலும் அதற்குள் கிழங்கு பெருமளவு திரண்டிருக்கும். ஆனால் மழைக்காலப் பயிராதலால் ஈரத்தில் பரவி இலைகளைக் கருகச் செய்யும் பின்கருகல் நோயைக் கவனிக்க வேண்டும்.

பீன்ஸ் உருளையைவிடவும் பனி தாங்காது. பள்ளத்தில் அதன் விதைப்பை மார்ச் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவோடு நிறுத்திவிடுங்கள். பனிக்காலத்தில் அந்த இடத்தைக் கேரட்டுக்கும் முட்டைகோசுக்கும் விடுவதே என் பரிந்துரை. கேரட்டின் தழை வாடினாலும் கிழங்கு பெரும்பாலும் தப்பும்.

பயிர் உயரத்தில் ஒரு வெப்பமானியைப் பள்ளத்தில் நிறுத்தி வையுங்கள். ஆள் உயரத்தில் 4 டிகிரி காட்டும் இரவிலேயே தரையில் பனி உறையக்கூடும் என்பதால், வானிலை அறிக்கையின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அத்தகைய இரவு வருமெனத் தெரிந்தால் முந்தைய பகலிலேயே நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கும். ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தால் பயிர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும் முன்பே தொடங்கி, பனிக்கட்டி முழுதும் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதலாகும். நவம்பர் நெருங்கும்போது யூரியா இடுவதைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதனால் வரும் மென்மையான தளிரே முதலில் கருகும்.