டீ மாஸ்டர் காட்சி: ஒரு ஷாட்டுக்கு ஒரே வேலை
வணக்கம். டீ ஆற்றும் காட்சியில் மாஸ்டரின் முகமும் கிளாஸும் பாதியில் மாறிவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத்தை வீடியோவாக்கும் கூகுளின் AI கருவியான வியோ 3 ஒரு தடவையில் தருவது அதிகபட்சம் 8 விநாடிதான். அதற்குள் ஆற்றுவது, சிரிப்பது, காசு வாங்குவது, பின்னால் பஸ் போவது என நான்கையும் கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். ஆற்றுவதை மட்டும் வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்:

"இடுப்பளவு ஷாட், கேமரா ஸ்டாண்டில் நிலையாக இருக்கிறது. நரைத்த மீசை, நீலச் சட்டை. வலது கை உயர, பித்தளைக் குவளையிலிருந்து டீ நீளமாக இடது கை கிளாஸில் விழுகிறது. இடப்பக்கமிருந்து காலை வெயில்."

'கேமரா ஆடக்கூடாது' என்று எழுதாதீர்கள். வேண்டாம் என்றதே பல நேரம் வந்து நிற்கும். 'அழகான', 'தத்ரூபமான' எல்லாம் வீண். அப்புறம், முகம் மாறாமலிருக்க முதலில் ஒரு படம் உருவாக்கி, அதையே தொடக்க ஃபிரேமாகக் கொடுங்கள். காசு வாங்குவதைத் தனி ஷாட்டாக எடுத்து எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.