டெக்னிக்கல் சந்தேகத்தை எப்படிக் கேட்கோணும்? – கேள்வி பதில்

திருப்பூர் மாணவர்: அண்ணா, பைதான்ங்கிற புரோகிராம் மொழி கத்துக்கறேனுங்க. சந்தேகம் கேட்கிற குரூப்ல "பைதான் ஓடலை, அர்ஜென்ட்"னு ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்துப் போட்டேனுங்க. ஒருத்தரும் பதில் சொல்லலை. ஏனுங்க?

ஃபோட்டோவில இருக்கிற புரோகிராமை யாரும் காப்பி பண்ணி ஓட்டிப் பார்க்க முடியாது, தம்பி. எரரை முழுசா எழுத்தா ஒட்டுங்க. பைதான்ல கடைசி வரி என்ன தப்புன்னு சொல்லும், மேல இருக்கிற வரிகள் எந்த இடத்துலன்னு காட்டும். ரெண்டும் வேணும்.

உங்க படத்துல "கீஎரர்: பில் எண்"னு தெரியுது. அந்தப் பேர்ல எதுவும் கிடைக்கலைன்னு அர்த்தம். பனியன் கம்பெனி பில் பட்டியலை எக்செல்ல "சிஎஸ்வி யூடிஎஃப்-8"னு (கமா போட்டுப் பிரிச்ச எழுத்து ஃபைல்; யூடிஎஃப்-8ங்கிறது எழுத்துகளைச் சேமிக்கிற முறை, அதாவது என்கோடிங்) சேமிச்சு, ஒவ்வொரு வரியையும் தலைப்புப் பேரோட படிக்கிற பைதானோட டிக்ட்ரீடர்ல படிக்கிறீங்க. அப்படிச் சேமிச்சா ஃபைல் தொடக்கத்துல பிஓஎம்ங்கிற கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு சேரும். வெறும் யூடிஎஃப்-8ஆத் திறந்தா அது முதல் நெடுவரிசையோட (காலம்) பேர்ல ஒட்டிக்கும். "பில் எண்"ணுன்னு தேடினா கிடைக்காது. ஃபைலைத் திறக்கிற ஓப்பன் வரியில என்கோடிங்கை "யூடிஎஃப்-8-சிக்"னு மாத்திப் பாருங்க. ஃபோட்டோவில இந்தக் குறி தெரியாது. நெடுவரிசைப் பேர்களை லிஸ்ட்டா பிரிண்ட் பண்ணி ஒட்டியிருந்தா, பார்த்த உடனே யாராச்சும் சொல்லியிருப்பாங்க.

இனிமேல் பைதான் வெர்ஷன், விண்டோஸா லினக்ஸா, ஃபைல்ல முதல் ரெண்டு வரி, அதே எரர் வர்ற அளவுக்குச் சுருக்கின புரோகிராம், இத்தனையும் சேர்த்துப் போடுங்க. சுருக்குறப்பவே பல தடவை தப்பு பிடிபட்டுடும். "அர்ஜென்ட்" வேண்டாங்க, பதில் சொல்றவங்க எல்லாம் அவங்கவங்க வேலைக்கு நடுவுலதான் வர்றாங்க.

பல்லடம் விவசாயி: இஎஸ்பி32ங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டுக்கு எத்தனை மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற பாகம்) போடலாமுங்க?

இதுக்கு அளவு மட்டும் சொன்னா உங்களுக்குப் பிரயோசனப்படாதுங்க. எதுக்காகக் கேட்கறீங்கன்னு முதல்ல சொல்லோணும். "சொட்டுநீர் வால்வுக்கு ரிலே சுவிட்ச் ஆன் ஆகறப்ப போர்டு ரீஸ்டார்ட் ஆகுது" அப்படின்னு எழுதுங்க. சப்ளை எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், ரிலேவுக்கும் அதே சப்ளையா, வயரிங் படம், எல்லாம் வேணும். போர்டு அனுப்பற எழுத்தைக் கம்ப்யூட்டர்ல காட்டுற சீரியல் மானிட்டரோட வேகத்தை 115200ல வெச்சு, ரீஸ்டார்ட் ஆகறப்ப வர்ற வரியையும் ஒட்டுங்க. "பிரவுன்அவுட் டிடெக்டர்"னு வந்தா வோல்டேஜ் இறங்குதுன்னு அர்த்தம். அப்ப சப்ளையையும் வயரையும்தான் முதல்ல பார்க்கோணும்.

ஈரோடு: பதில் வரலைன்னா தனி மெசேஜ் அனுப்பலாமுங்களா?

பதில் சொல்றவரே தனியா அனுப்பச் சொன்னாலொழிய வேண்டாங்க. ஒரு நாள் பொறுத்து, இடையில நீங்க என்ன முயற்சி பண்ணீங்க, என்ன ஆச்சுன்னு அதே கேள்விக்குக் கீழயே சேருங்க. வேற இடத்துலயும் கேட்டிருந்தா லிங்க்கைப் போட்டுடுங்க. அங்க தீர்ந்துபோன விஷயத்துக்கு இங்க ஒருத்தர் உட்கார்ந்து மண்டையை உடைச்சிட்டு இருக்கக் கூடாது.

கோபி: எனக்கு இங்கிலீஷ் சரியா வராதுங்க.

தமிழ்லயே கேளுங்க, தாராளமா. எரர் வரியை மட்டும் வந்தபடியே ஒட்டுங்க, மொழிபெயர்க்காதீங்க. அப்பத்தான் தேடினாக் கிடைக்கும்.

கரூர்: குரூப்ல போட்ட புரோகிராமுக்குள்ள ஏபிஐ கீயையும் (ஆன்லைன் சேவையைப் பயன்படுத்தற ரகசியச் சாவி) சேர்த்துப் போட்டுட்டேன். அழிச்சுட்டேனுங்க, போதுமா?

போதாதுங்க. அதுக்குள்ள யார் காப்பி எடுத்தாங்கன்னு தெரியாது. அந்தக் கீயை இப்பவே ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுத்துக்குங்க.