அண்ணாச்சி பதில்கள்: கிணற்றடிப் பேயும் பொன்கவசக் குதிரைக்காரனும்

அண்ணாச்சி, ‘விட்சர் 3’ கம்ப்யூட்டர் ஆட்டத்தில் கதை பிரமாதம், சண்டை சுமார். ‘எல்டன் ரிங்’கில் சண்டை பிரமாதம், கதையே கிடையாது என்று ஹாஸ்டலில் அடித்துச் சொல்கிறார்கள். இருக்கிற காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்க?
*கல்லூரி மாணவர், வள்ளியூர்*

ஹாஸ்டலில் சொல்வது பாதிதான் சரி, தம்பி. சண்டைக்குத் தனி மார்க், கதைக்குத் தனி மார்க் என்று போடுவதே எனக்கு ஒப்பவில்லை.

‘விட்சர் 3’ போலந்துக்காரர்கள் செய்தது, 2015-ல் வந்தது. விட்சர் என்றால் காசுக்குப் பேய், பூதம் வேட்டையாடுகிறவன், அவனாகத்தான் நாம் ஆடுவோம். தொடக்கத்திலேயே ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற பகுதியில் ஒரு வேலை வரும். ஆள் இல்லாமல் பாழடைந்த குடியிருப்பு, அங்கே ஒரு கிணறு, நண்பகலில் அதைச் சுற்றித் திரியும் ஒரு பெண்பேய். மகளுக்கு உடம்பு சரியில்லை, அந்தக் கிணற்றின் நல்ல தண்ணீர் வேண்டும், பேயை விரட்டிக் கொடு என்று ஒருவர் கேட்பார். வாளை உருவிக்கொண்டு நேரே போனால் வேலைக்காகாது. அவள் யார் என்று முதலில் தெரிய வேண்டும். கிடைக்கிற துப்புகளைப் படித்துப் பார்த்தால் அநியாயமாகக் கொல்லப்பட்டவள் என்று புரியும். கிணற்றுக் கயிற்றில் அவள் உடல் இன்னும் தொங்குகிறது. கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய கைவளையைத் தேடி எடுத்து, உடலோடு சேர்த்து எரிக்க வேண்டும். அப்போதுதான் எதிரே வருவாள். ‘யெர்டன்’ என்ற மந்திர வட்டத்தைத் தரையில் போட்டு, அவள் அதற்குள் சிக்கும்போது வெள்ளிவாளை வீசினால்தான் வெட்டு சரியாக விழும்.

முதல் தடவை ஆடியபோது எனக்கு முக்கூடல் பக்கத்தில் இருந்த ஆச்சி வீடுதான் ஞாபகம் வந்தது. பின்னால் ஒரு கமலைக் கிணறு உண்டு. “உச்சிப்பொழுதுல கெணத்துப் பக்கம் போவாதல” என்று ஆச்சி தினமும் சொல்வாள். ஸ்லாவிய நாட்டார் கதைகளிலும் நண்பகல் வெயிலில் வயலுக்குள் திரியும் பெண்பேய் இருக்கிறாள். அங்கிருந்துதான் இந்த ஆட்டத்துக்குள் வந்திருக்கிறாள். நம்மூர்க் கொடையில் இசக்கிக்கோ மாடனுக்கோ வில்லுப்பாட்டில் பிறப்பிலிருந்து கதையைப் பாடிக்கொண்டே வருவார்கள், அப்புறம்தான் சாமியாடிக்கு அருள் வரும். இங்கேயும் அதே வரிசைதான். கதை தெரியாதவனால் அவளோடு சண்டை போட முடியாது. இதைப் போய் ‘சண்டை சுமார்’ என்று எப்படிச் சொல்வது?

சாதாரணக் கொள்ளைக்காரர்கள் கும்பலாக வரும்போது மட்டும் ஹாஸ்டல் சொல்வது சரி. ‘குவென்’ என்ற மந்திரக் கவசம், ஒரு விலகல், இரண்டு வெட்டு என்று ஐம்பது மணி நேரத்துக்கும் ஒரே தாளம்.

‘எல்டன் ரிங்’ 2022-ல் ஜப்பானிலிருந்து வந்தது. குகையை விட்டு வெட்டவெளிக்கு வந்ததும் பொன்கவசம் பூட்டிய குதிரைக்காரன் ஒருவன் எதிரே உலாத்துவான். அவனிடம் போகாதே என்று யாரும் எச்சரிக்க மாட்டார்கள். போனேன், செத்தேன். செத்தால் கையிலிருக்கும் ‘ரூன்’ என்ற ஆட்டத்துக் காசு எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அவ்வளவும் போச்சு. திரையில் ஒரு பச்சைக்கோடு இருக்கும், அதுதான் நம் தம். வெட்டினாலும் குறையும், உருண்டாலும் குறையும். ஆசைப்பட்டு ஒரு வெட்டு கூடப் போட்டால் உருண்டு தப்பிக்கத் தம் இருக்காது. அவனை விட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றி, எனக்கும் ஒரு குதிரை கிடைத்து, பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வீழ்த்தினேன். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். கதையே இல்லை என்பதும் தப்பு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்த பூர்வகதை இருக்கிறது. ஆனால் அது ஆயுதக் குறிப்புகளிலும் அங்கங்கே நிற்பவர்கள் பேச்சிலும் சிதறிக் கிடக்கும், நாம்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் ‘விட்சர்’ வாங்குங்கள். ‘எல்டன் ரிங்’ குறைந்தது 12 ஜிபி ரேம் கேட்கும், ‘விட்சர்’ பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தை இப்போது தொடங்கலாமா?
*ஆசிரியர், சங்கரன்கோவில்*

தாராளமாக, சார். சண்டைக்காக வேண்டாம், வாள் வீச்சில் கனமே தெரியாது. பனிமலை ஏறி இறங்குவதற்காக ஆடுங்கள். எதைச் செய்கிறோமோ அந்தத் திறமை வளரும் ஏற்பாடும் நன்றாக இருக்கும்.

நாற்பத்தெட்டு வயதாகிறது. கதை பிடிக்கும், ஆனால் பட்டனை வேகமாக அழுத்த வராது. எனக்கு ஏற்ற ஆட்டம் உண்டா?
*குடும்பத் தலைவி, மேலப்பாளையம்*

உங்களுக்கென்றே இருக்கிறது அக்கா, ‘பால்டர்ஸ் கேட் 3’. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. முறை வைத்து ஆடுவதால் உங்கள் முறை வந்த பிறகு உலையை இறக்கிவிட்டு வந்துகூட யோசிக்கலாம். கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் வேண்டும், அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இதில் பேச்சே ஒரு சண்டை. ஒருவரை வழிக்குக் கொண்டுவர இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், இங்கே ஒன்று விழுந்தால் நிச்சயத் தோல்வி. ஆரம்பத்தில் ஒரு தோப்பில், சிலையைத் திருடிய குற்றத்துக்காக அரபெல்லா என்ற சிறுமியைப் பாம்பைக் காட்டி மிரட்டிக்கொண்டிருப்பாள் ஒருத்தி. விட்டுவிடச் சொல்லி மன்றாடினேன். பகடை சரியாக விழவில்லை. பாம்பு கொத்திவிட்டது.

முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் இருந்தது, அங்கிருந்து மறுபடி ஆடலாம். திரும்பிப் போக மனம் வரவில்லை. வெளியே அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காத்துக்கொண்டிருந்தார்கள்.