செங்கோட்டைக் குடும்பத்தை லண்டனில் தேடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். லண்டன் வந்து சில மாதம்தான் ஆகிறது. கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஏழு தலைமுறைக்குக் குடும்ப மரம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, நீங்களும் ஒரு தளத்துக்குச் சந்தா கட்டித் தாத்தா பெயரைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. அப்பா வழி செங்கோட்டை, ஆச்சி பிறந்தது கொழிஞ்சாம்பாறை, கொள்ளுத்தாத்தா மூணாறு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. பிரிட்டிஷ் லைப்ரரிக்குப் போனால் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தச் சந்தாவை நிறுத்துங்கள். அவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. 1921 வரை இணையத்திலேயே பார்க்கலாம். நம் நாட்டில் கணக்கெடுத்த சீட்டுகளைக் கூட்டி அட்டவணை போட்டதும் அழித்துவிட்டார்கள். அச்சான புத்தகத்தில் தாலுகாவுக்கு எத்தனை பேர் என்று இருக்கும், உங்கள் தாத்தா இருக்கமாட்டார். போதாததற்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறும். ராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில ஆவணத்தில் நாலு விதமாக எழுதியிருப்பான். அதனால் பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, நிலத்தையும் அந்த நிலத்தை ஆண்ட சர்க்காரையும் வைத்துத் தேட வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் மூன்று ஊர் என்கிறீர்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், 1949-ல் கொச்சி சேர்ந்தபின் திரு-கொச்சி, 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தது. பக்கத்திலேயே இருக்கும் தென்காசி பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். அதை ஒட்டிய பாலக்காடு டவுன் பிரிட்டிஷ் மலபார். மூணாறு திருவிதாங்கூர். ஆச்சி வீட்டார் வயல் கொழிஞ்சாம்பாறையில் ஒன்றும் பொள்ளாச்சிப் பக்கம் ஒன்றும் இருந்தால், ஒன்றின் காகிதம் கொச்சி ராஜா கச்சேரியில், மற்றது கோயம்புத்தூர் கலெக்டர் கச்சேரியில். இந்தக் கணக்கைப் போடாமல் தேடப் போகிறவர்கள்தான் லீவை வீணாக்குகிறார்கள்.

இப்போது லண்டன். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் பிரிட்டிஷ்காரன் நேரே ஆண்ட பகுதிகளின் மேல்மட்டக் காகிதங்கள். சமஸ்தானத்துக் குடியானவனின் வரி, வழக்கு, நிலம் எதுவும் இங்கே வரவில்லை. சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் துரையின் அரசியல் கடிதப் போக்குவரத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். என்/2 என்ற வரிசையில் சென்னை மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் உண்டு. அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பதிவுகள். ஊர்க் கிறிஸ்தவ சபைகளின் பதிவேடுகள் அந்தந்த ஊர்த் தேவாலயங்களிலேயே இருக்கின்றன. ஆகவே உங்கள் அப்பா வழிக்கு லண்டனில் உருப்படியாகக் கிடைக்கக்கூடியது வரைபடமும் வர்ணனையும். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து எழுதிய நினைவுக்குறிப்பு ஒன்று உண்டு. ஊர், பாதை, குளம், வீடுகளின் தொகை என்று எழுதியிருப்பார்கள். குடும்பப் பெயர் வராது. ஆனால் உங்கள் ஊர் அப்போது எந்த மண்டபத்து வாசலின் (அந்தக் காலத் தாலுகாவின்) கீழ் இருந்தது என்று தெரியும். பிற்பாடு திருவனந்தபுரத்தில் விண்ணப்பம் எழுத அந்தப் பழைய பெயர் தேவைப்படும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லண்டன் இதைவிடக் கொஞ்சம் தாராளம். தென் திருவிதாங்கூரில் வேலை செய்த லண்டன் மிஷன் சொசைட்டியின் கடிதங்களும் அறிக்கைகளும் ரஸ்ஸல் ஸ்கொயரில் இருக்கும் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் என்று நிலையம் வாரியாகப் பார்க்கலாம். உபதேசியார், வாத்தியார், வீடுகளில் வேதம் படித்துக் காட்டிய பைபிள் உமன் என்று யாராவது குடும்பத்தில் இருந்திருந்தால் பெயர் வர வாய்ப்புண்டு. ஒரு எச்சரிக்கை: போர்டிங் பள்ளிப் பிள்ளைகளுக்கு, செலவை ஏற்ற இங்கிலாந்துக் கொடையாளர் பெயரையே வைக்கும் வழக்கம் இருந்தது. அறிக்கையில் வெள்ளைக்காரப் பெயராகத் தெரிவது உங்கள் பூட்டியாகவே இருக்கலாம். சர்ச் மிஷன் சொசைட்டியின் காகிதங்கள் லண்டனில் இல்லை, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு மிஷனின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில்.

மூணாறு விஷயத்துக்கு லண்டனைவிட கிளாஸ்கோ மேல். கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் தொடங்கியது. பின்னால் நின்றது ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம், பிற்பாடு டாடா. ஃபின்லே ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் யூ.ஜி.டி. 91 என்ற எண்ணில் இருக்கின்றன. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். துரைமார் கடிதம், கணக்கு, பங்கு என்றுதான் அதிகம் இருக்கும். ஆட்களின் பெயர் செக்ரோல் என்ற ஆள்வருகைப் புத்தகத்தில் இருந்தது, அது எஸ்டேட் ஆபீசில் கிடந்த பொருள். 1924 வெள்ளம் மூணாற்றைத் துடைத்துப்போட்டது என்பதையும் மறக்கக்கூடாது. ரயிலுக்குப் பணம் போடுமுன் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று குறிப்பிட்டு, பணியாளர் பட்டியல் ஏதும் உண்டா என்று கேளுங்கள். பதில் போடுவார்கள்.

இனி பிரிட்டிஷ் லைப்ரரி வாசிப்பறை நடைமுறை. பாஸ் எடுக்கப் பாஸ்போர்ட்டோடு, பெயரும் தற்போதைய வீட்டு முகவரியும் உள்ள தாள் ஒன்று வேண்டும். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: ஷேரிங் வீட்டில் இருப்பவருக்குக் கவுன்சில் டாக்ஸ் பில் வேறொருவர் பெயரில் வரும். மொபைல் பில்லை நம்பிப் போகாதீர்கள்; வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்துப்போங்கள். பேனா, தண்ணீர் பாட்டில், கோட், பை எல்லாம் லாக்கரில். உள்ளே பென்சிலும் லேப்டாப்பும் போனும் மட்டும். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் லைப்ரரியின் கேட்டலாக்கே முடங்கியது, சீராக நெடுநாள் பிடித்தது. அதனால் வேண்டிய எண்ணை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எடுத்துத் தருவார்களா என்று உறுதி செய்துகொண்டு போவது நல்லது. சில ஆவணங்களைப் போட்டோ எடுக்க விடுவார்கள், சிலவற்றை விடமாட்டார்கள். எடுக்கும்போது முதல் படம் கோப்பின் அட்டையும் எண்ணும் தெரிகிற மாதிரி இருக்கட்டும், பிறகு உள்பக்கம். இதைச் செய்யாதவர்களின் போனில் எந்தக் கோப்பு என்றே தெரியாத ஐந்நூறு படம் கிடக்கும். கியூவில் இருக்கும் தேசியக் காப்பகத்துக்கு இப்போதைக்கு அவசரமில்லை. சிலோன், மலாயா என்று கடல் கடந்த கிளை தெரிய வந்தால் அப்போது பார்க்கலாம். ஞாயிறும் திங்களும் அங்கே விடுமுறை.

உங்கள் உண்மையான வேலை ஊரில் இருக்கிறது. அதில் பாதியை இங்கிருந்தே வாட்ஸப்பில் முடிக்கலாம். "நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு கதை சொல்லி முடித்துவிடுவார்கள். பொருளைக் கேளுங்கள்: பழைய மொய் நோட்டு, ஜாதகக் கட்டு, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, கரம் (நிலவரி) கட்டிய ரசீது, ஆதாரம் (நிலப் பத்திரத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர்). மொய் நோட்டில் ஊர்ப்பெயரோடு ஆள் பெயர் இருக்கும், எந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் என்பது அதிலேயே வெளிச்சமாகிவிடும். வரி நோட்டில் அப்பா செத்த வருஷத்தில் மகன் பெயர் ஏறியிருக்கும். இதற்கு ஈடான பிறப்பு இறப்புப் பதிவு நமக்கு வேறு கிடையாது என்றே சொல்வேன். ஜாதகத்தில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒரு தலைமுறை தள்ளிப் போய்விடாமல் வேறு சான்றோடு ஒட்டிப் பாருங்கள்.

ஆதாரம் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், வயது, தொழில், ஊர் இருக்கும். நடுவில் "இன்ன வருஷம் இன்ன நம்பர் ஆதாரப்படி எனக்குப் பாத்தியப்பட்ட" என்று ஒரு வரி வரும். அந்த நம்பர்தான் முன்னாதாரம். அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் அதற்குள் இன்னொரு முன்னாதாரம் இருக்கும். நிலப் பத்திரங்கள் பதிவான 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்று பதிவுச் சட்டமே சொல்கிறது. உயில் பதிவான 3-ஆம் புத்தகம் அப்படியில்லை. எழுதியவர் இறந்ததற்கான சான்றோடு போக வேண்டும். தமிழ்நாட்டுத் தளத்தில் இணையவழி வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான். அதற்கு முந்தியது கைத்தேடல். தேடச் சர்வே எண் வேண்டும், அங்கேதான் செங்கோட்டைக்காரர்கள் திணறுவார்கள்: திருவிதாங்கூர் காலத்து எண் வேறு, தமிழ்நாட்டுக்கு வந்தபின் போட்ட எண் வேறு. தாலுகா ஆபீசில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு தேடுங்கள்.

தேதியில் எல்லோரும் தவறுவார்கள். சமஸ்தானத்து ஆதாரத்தில் கொல்லம் ஆண்டு. ஆவணியில் அதாவது சிங்கத்தில் வருஷம் பிறக்கும். ஆகஸ்ட் நடு முதல் டிசம்பர் வரை வரும் தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை 825. 1084 துலாம் (ஐப்பசி) என்றால் 1908. அதே 1084 மேடம் (சித்திரை) என்றால் 1909. சில இடத்தில் ஆயிரத்தை விட்டு வெறும் 84 என்று எழுதியிருக்கும், 1924 வெள்ளத்தை, கொல்லம் 1099 என்பதால், 99 வெள்ளம் என்று மலையாளத்தார் சொல்கிற மாதிரி. பழைய தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் 1084 என்பது ௲௮௰௪. ௲ தேய்ந்துபோய் மிச்சம் மட்டும் தெரியும்போது பழக்கமில்லாதவர் "அயச" என்று ஏதோ ஒரு சொல்லாக வாசித்துவிட்டுப் போய்விடுவார். வரிக்கு நடுவே பொருள் படாத எழுத்துக் கூட்டம் வந்தால் முதலில் எண்ணா என்று பாருங்கள்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடு என்றால் இன்னொன்று. 1926-ல் சட்டம் வரும்வரை மருமக்கள்வழி, அதாவது சொத்து மகனுக்கு அல்ல, சகோதரி பிள்ளைகளுக்கு. பத்திரத்தில் முதலில் நிற்கும் காரணவர் (குடும்பத் தலைவர்) பெரும்பாலும் தாய்மாமன், தகப்பன் அல்ல. உகந்துடைமை (ஆண் வழிப் பெண்டாட்டி பிள்ளைகளுக்கான பங்கு) என்ற சொல் வரும் இடத்தில்தான் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர் தலைகாட்டும். இது தெரியாமல் மாமனை அப்பாவாக்கி மரம் போட்டவர்கள் நிறைய.

பதிவு ஆபீசுக்கும் முந்திப் போக வேண்டுமென்றால் கேரள அரசு ஆவணக் காப்பகம்: திருவிதாங்கூருக்குத் திருவனந்தபுரம், கொச்சிக்கு எர்ணாகுளம், மலபாருக்குக் கோழிக்கோடு. சென்னை மாகாணப் பகுதிக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஓலைக் கட்டுகளைச் சுருணை என்பார்கள். எழுத்து வட்டெழுத்தாகவோ கோலெழுத்தாகவோ இருக்கலாம், உங்களாலோ என்னாலோ வாசிக்க முடியாது. அங்கே அந்த எழுத்து அறிந்தவர்களைக் கேட்டு, ஆள் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். அனுமதிக்கு முன்கூட்டி எழுத வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களிடம் கூடுதல் கடிதம் கேட்பது வழக்கம், எனவே இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது சௌகரியம்.

வீட்டுப் பரணில் ஓலை கிடைத்தால் பெட்டியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். வரலாற்று மதிப்புள்ள, எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட சுவடி 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனியார் வெளியே எடுத்துப்போக முடியாது. கயிற்றை அவிழ்த்தால் அடுக்கைக் கலைக்காமல், இடப்பக்க ஓரத்தில் இருக்கும் ஏட்டு எண்ணோடு இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், தூசி ஒட்டும், பூச்சி வரும். அசல் ஆதாரங்களும் அங்கேயே இருக்கட்டும், ஸ்கேன் போதும்.

லீவுக்குப் போகும்போது ஓணம் வாரத்தையும் பூஜை விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். கேரளத்தில் இரண்டாம் சனிக்கிழமை சர்க்கார் ஆபீஸ் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் மனுவை ஊருக்குப் போய் இறங்கிய முதல் நாளே கொடுத்துவிடுங்கள், நகல் கைக்கு வர நாளாகும். நீங்கள் விமானம் ஏறியபின் வந்தால் வாங்கிக்கொள்ள ஊரில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.