பிரெஞ்சுக் கொப்பியில் தமிழ் எழுத்து வேண்டாம்

கேள்வி: நான் நெல்லியடி. வயது 24. உயர்தரம் கலைப் பிரிவில் படித்தேன். எனக்குத் திருமணம் முற்றாகியிருக்கிறது, மாப்பிள்ளை பரிஸில் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஆரம்பப் பிரெஞ்சு வகுப்பு தொடங்குகிறார்கள். மூன்று மாதம், கிழமையில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம். எனக்கு ஆங்கிலமே சரியாக வராது. இதில் சேர்ந்தால் கதைக்கப் பழகலாமா? அவர், "இங்கே வந்து பழகலாம், அங்கே காசைச் செலவழிக்க வேண்டாம்" என்கிறார்.

பதில்: சேருங்கள், பிள்ளை. "இங்கே வந்து பழகலாம்" என்பதை அவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக் கடை, நகைக்கடை, தலைமுடி வெட்டும் கடை என்று எல்லாம் தமிழிலேயே நடக்கும். வேலையிடத்திலும் தமிழர்கள் இருப்பார்கள். அங்கே போய்ப் பல வருடமாகியும், வைத்தியரிடம் போக ஒரு பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாமாரை நான் அறிவேன். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் யாரும் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்புறம் வேலையும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2026 ஜனவரியிலிருந்து பிரான்ஸ் மொழித் தேவையைக் கூட்டிவிட்டது. பல ஆண்டுகளுக்கான வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 மட்டம் என்பது இப்போதைய பொது விதி. ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை மொழித் திறனை அளக்கிற ஐரோப்பிய மட்டங்கள், ஏ1 இந்த ஏணியின் முதல் படி. அதை ஊரிலேயே ஏறிவிட்டுப் போனால் அங்கே இரண்டாவது படியிலிருந்து தொடங்கலாம்.

மூன்று மாதத்தில் கதைக்க வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் 12 கிழமைக்கு 36 மணித்தியாலம். ஏ1 மட்டத்தை எட்ட ஏறத்தாழ 80 முதல் 100 மணித்தியாலம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே இந்த வகுப்பு உங்களை அரைவழிக்கும் குறைவாகத்தான் கொண்டுபோகும். மிச்சத்தை வீட்டில் நிரப்ப வேண்டும், அல்லது அடுத்த கட்ட வகுப்பையும் எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆங்கிலம் வராது என்ற கவலையை விட்டுவிடுங்கள். பிரெஞ்சின் சில இடங்களில் தமிழே நல்ல துணை. பிரெஞ்சில் உள்ள 'த' நம்முடைய த போல நாக்கு பல்லைத் தொட்டு வருவது. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள்தான் அதை 'ட' ஆக்கிக்கொண்டு திருத்த முடியாமல் நிற்கிறார்கள். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவது உங்களுக்குப் புதிதல்ல, வருகிறேன், வருகிறாய், வருகிறார் என்று நாம் நாள் முழுக்க மாற்றுகிறோம். வயதைச் சொல்ல பிரெஞ்சுக்காரர் 'என்னிடம் 24 ஆண்டுகள் இருக்கின்றன' என்பதுபோலச் சொல்வார்கள். ஆங்கிலத்தைவிட நம்முடைய 'எனக்கு 24 வயது' அதற்குக் கிட்ட நிற்கிறது. மரியாதைச் சொல்லோ இன்னும் சுலபம். யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்றை யோசித்துப் பாவிக்கிற நமக்கு, அவர்களின் 'தூ', 'வூ' என்ற இரண்டு பெரிய காரியமில்லை. அறிமுகமில்லாதவருக்கு எப்போதும் வூ. கடைக்குள் நுழைந்தால் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, கஷ்டம் எங்கே? காதில். நான் படிப்பித்த பிள்ளைகளில் அநேகமானோர் முதல் நாளே ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதத் தொடங்குவார்கள். நானும் முன்பு அதைத் தடுக்கவில்லை, உதவியாக இருக்கும் என்றே நினைத்தேன். அது தவறு என்று எனக்குக் காட்டியவை மூன்று சொற்கள்: மீன், நஞ்சு, குடிபானம். பிரெஞ்சில் இவை மூன்றும் மூன்று வேறு ஒலிகள். தமிழில் எழுதினால் மூன்றுமே 'புவாசோன்'. முதலெழுத்தில் அதிர்வு உண்டா இல்லையா, நடுவில் வருவது ஸ் போன்றதா அல்லது வண்டு ரீங்காரம்போல அதிர்கிற ஒலியா என்பதை நம்முடைய எழுத்து காட்டாது. அது தமிழின் குறையல்ல, நம் எழுத்து நம் ஒலிக்கு அமைந்தது. ஆனால் கொப்பியில் 'புவாசோன்' என்று எழுதிய பிள்ளை பிறகு அந்த எழுத்தைத்தான் கேட்கும், ஒலியைக் கேட்காது.

பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து வாசித்தாலும் ஆபத்துதான். சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது, பரிஸ் என்ற பெயரிலேயே கடைசி ஸ் இல்லை. எனவே முதலில் காது, பிறகு வாய், கடைசியில்தான் கொப்பி. பாடத்தின் ஒலிப்பதிவில் ஒரு வசனத்தைப் புத்தகத்தை மூடிவைத்து ஐந்து தடவை கேளுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், பிறகு திறந்து பிரெஞ்சு எழுத்திலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஆறு வசனம் போதும்.

தனியாகப் பழக வேண்டிய ஒலிகளும் உண்டு. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள், அந்த ஒலியும் வெறும் 'ஊ'வும் பிரெஞ்சில் வேறு வேறு. 'மேலே', 'கீழே' என்ற இரண்டு சொற்களுக்கும் வித்தியாசமே அதுதான். மூக்கொலிக்குத் தமிழ்நாட்டுப் படங்களில் 'வந்தான்' என்பதன் கடைசி ன் மூக்கில் கரைவதைக் கவனியுங்கள். நாம் அதை அழுத்திச் சொல்வோம், பிரெஞ்சுக்கு அழுத்தக் கூடாது.

பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு, மேசை பெண், புத்தகம் ஆண். காரணம் தேட வேண்டாம். 'ல', 'லா' என்ற முன்சொல்லோடு சேர்த்தே பாடமாக்குங்கள். எண்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். 70 என்பது அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 97 நான்கு-இருபது-பதினேழு. பிரான்சில் தொலைபேசி இலக்கத்தை இரண்டிரண்டாகச் சொல்வதால் இதில் தடுமாறினால் இலக்கமே கை நழுவும்.

பணம் கட்டுமுன் கல்லூரியில் சில விடயம் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? பாடப் புத்தகத்துக்கு ஒலிப்பதிவு உண்டா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் வாய் திறந்து கதைக்க நேரம் கிடைக்குமா? நாற்பது பேரை வைத்து இலக்கணக் குறிப்புக் கொடுக்கிற வகுப்பென்றால் வேறு இடம் பாருங்கள். கல்லூரிச் சான்றிதழும் டெல்ஃப் சான்றிதழும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். டெல்ஃப் பிரெஞ்சுக் கல்வியமைச்சின் சோதனை, இலங்கையில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, கலாசார நிலையம் நடத்துகிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுத்தால் சித்தி, ஆனால் எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. ஒருமுறை சித்தியடைந்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். திகதியையும் இடத்தையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று இரவே ஒரு வேலை தொடங்கலாம். உங்கள் கடவுச்சீட்டை எடுத்து, அதில் உள்ள முழுப் பெயரையும் பிரெஞ்சு எழுத்துப் பெயர்களால் ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகுங்கள். ஆங்கிலத்தில் 'ஜீ' என்கிற எழுத்து அங்கே 'ஜே', 'ஜே' என்கிற எழுத்து 'ஜி', 'ஐ' என்கிற எழுத்து 'ஈ'. நம்முடைய நீண்ட பெயர்கள் அலுவலகங்களில் பிழையாகப் பதியப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். மாப்பிள்ளையைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், அவர் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். கடவுச்சீட்டில் உள்ளதுபோலவே வந்தால் பிறகு விலாசத்துக்குப் போகலாம்.